கோட்டிலிருந்து வார்ப்புக்கு: காமிக்ஸ் ஓவியப் பாணியும் ஆக்‌ஷன் ஃபிகரும்

காமிக்ஸ் ஓவியர் வரையும் உருவத்துக்கு முதுகு அவசியமில்லை. ஒரு கட்டம் எந்தக் கோணத்தில் அமைகிறதோ அந்தக் கோணத்துக்கு உருவம் பொருந்தினால் போதும். பொம்மைக்கோ எல்லாப் பக்கமும் வேண்டும். அது தன் காலில் நிற்க வேண்டும், கைகால் அசைய வேண்டும். அமெரிக்கப் பொம்மைத் தொழில் இந்த முரணை எதிர்கொண்ட வரலாற்றைப் பார்த்தால், நாயகர்கள் விரைவிலேயே பொம்மைகளாகிவிட்டார்கள். ஓவியரின் பாணியும் பொம்மையில் தெரிய வேண்டும் என்ற எண்ணம் வரத்தான் வெகுகாலம் பிடித்தது.

1920-களில் பிலடெல்ஃபியாவின் ஷோன்ஹட் நிறுவனம் ஃபீலிக்ஸ் பூனையை மரத்தில் செய்தது. உருண்டைகளால் ஆன அந்த உருவத்துக்குக் கடைசல் மரம் இயல்பாகவே இசைந்தது. எல்லா உருவங்களுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. 1964-இல் ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ வந்து ஆக்‌ஷன் ஃபிகர் என்ற வகையை நிலைநிறுத்தியது. 1966-இல் ஐடியல் நிறுவனம் கேப்டன் ஆக்‌ஷன் என்ற ஒரே பொம்மைக்கு சூப்பர்மேன், பேட்மேன் உடைகளையும் முகமூடிகளையும் தனித்தனியாக விற்றது. 1972-இல் தொடங்கிய மெகோவின் 8 அங்குல வரிசையிலும் பெரும்பாலும் உடல் ஒன்றே. தலையும் துணியும் மட்டும் மாறின. எஃகு அச்சு செய்யப் பெரும் பணம் வேண்டும் என்பதால் ஓர் அச்சை இயன்றவரை பல பாத்திரங்களுக்குப் பயன்படுத்துவதே தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கில் ஜாக் கர்பியின் முரட்டுத் தோரும் கர்ட் ஸ்வானின் சாந்தமான சூப்பர்மேனும் ஒரே தோளைப் பெற்றார்கள்.

1984-இல் கென்னரின் சூப்பர் பவர்ஸ் வரிசை இதை மாற்றியது. உடலும் உடையும் சேர்த்தே வார்க்கப்பட்டன. முன்மாதிரியாக இருந்தவை, டிசி நிறுவனத்தின் 1982 பாணி வழிகாட்டிக்காக ஹோசே லூயிஸ் கார்சியா-லோபஸ் வரைந்த படங்கள். ஓர் ஓவியரின் கோடு ஒரு முழு வரிசைக்கும் அளவுகோலானது. ஆனால் பல ஓவியர்கள் பலவிதமாக வரைந்த பாத்திரங்களை ஒரே சராசரி அழகுக்குள் கொண்டுவருவதே வழிகாட்டியின் வேலை. இந்த வரிசைக்காகத்தான் கர்பி, 1970-களில் தான் படைத்த டார்க்ஸைட் முதலான பாத்திரங்களை மறுபடி வடிவமைத்தார். அதனால் அவருக்கு உரிமைத்தொகையும் கிடைத்தது. படைத்தவற்றின் மீது உரிமையின்றி நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆகவே இந்தப் பொம்மைகளை வெறும் வணிகச் சரக்காகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

1994-இல் டாட் மெக்ஃபார்லேன், தான் படைத்த ஸ்பான் பாத்திரத்துக்காகச் சொந்தப் பொம்மை நிறுவனமே தொடங்கினார். சங்கிலி, முள், கிழிசல், சுருக்கம் என்று கோடுகளை அள்ளிக் கொட்டும் ஓவியம் அவருடையது. அந்தக் கோடு ஒவ்வொன்றும் சிற்பியின் கையில் ஒரு பள்ளமாகவோ மேடாகவோ மாறிவிடும். பார்வைக்குச் சிக்கலான இந்தப் பாணி, வார்ப்புக்கு வசதியானது. உண்மையான சோதனை கோடு குறைந்த ஓவியத்தில்தான் தொடங்குகிறது.

புரூஸ் டிம் அதற்கு நல்ல சான்று. 1992-இல் ஒளிபரப்பான பேட்மேன் கார்ட்டூன் தொடருக்கும், 1994-இல் பால் டினியோடு சேர்ந்து உருவாக்கிய 'மேட் லவ்' காமிக்ஸுக்கும் அவர் கொடுத்த வடிவம் அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, கூர்ந்து முடியும் கால். தசை மடிப்பு எதுவும் கிடையாது. அளவு சற்றுப் பிசகினாலும் மறைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. முழங்காலில் மூட்டுக்காக வெட்டினால், அந்த வெட்டே ஓவியர் போடாத ஒரு கோடாகத் துருத்தித் தெரியும். 2010-களின் நடுவில் டிசி கலெக்டிபிள்ஸ் இந்த உருவங்களை மெலிந்த கணுக்காலோடு அப்படியே வார்த்தது. அவை சாயாமல் நிற்கத் தாங்கியையும் கூடவே கொடுத்தது.

மைக் மிக்னோலாவின் ஹெல்பாய் இன்னும் கடினம். பருத்த மார்பு, பெரிய கல் வலக்கை, கீழே ஒல்லிக் கால்கள் என்று எடை முழுவதும் மேலே நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் நிழல். மிக்னோலாவின் கறுப்பு, வெளிச்சம் விழும் திசைக்குக் கட்டுப்படுவதில்லை. பக்கத்தின் அமைப்புக்கு எங்கே தேவையோ அங்கே முகத்தில் பாதியைக்கூட விழுங்கிவிடும். பொம்மை மீதோ அறையின் விளக்குதான் நிழல் போடும். எனவே கன்னத்தையும் புருவத்தையும் கூர்மையான தளங்களாகச் சீவி அசல் வெளிச்சத்திடமே நிழலை வாங்கலாம். அல்லது கறுப்பைத் தீட்டிவிடலாம். தீட்டினால் ஒரு கோணத்தில் ஓவியம் உயிர்பெறும், மறு கோணத்தில் அது அழுக்காகத் தெரியும். சீவுவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

2002-இல் டாய் பிஸ் தொடங்கிய மார்வல் லெஜண்ட்ஸ், மூட்டுகளைப் பெருக்கி எந்த நிலையிலும் நிறுத்தக்கூடிய பொம்மையைத் தந்தது. 1998-இல் உருவான டிசி டைரக்ட் எதிர்த்திசையில் நடந்தது. அலெக்ஸ் ராஸின் 'கிங்டம் கம்' போன்ற படைப்புகளை மூட்டுகளைக் குறைத்து வார்த்து, ஓவியரின் பெயரையே விற்பனைக்குரியதாக்கியது. 2014 வாக்கில் கிரெக் கப்புல்லோ, டார்வின் குக் போன்ற ஓவியர்களுக்கென்றே தனி வரிசைகள் வந்தன. பேட்மேன் ஒருவரே ஒவ்வொரு வரிசையிலும் வேறு தாடை, வேறு காது, வேறு அங்கியோடு நின்றார். டிசி டைரக்டின் பேட்மேன் கறுப்பு-வெள்ளைச் சிலைகளில் மூட்டே கிடையாது, நிறமும் இல்லை. ஓவியர் டிம் சேல் வரைந்த அங்கியின் நீண்ட வளைவை எந்தக் கீலும் வெட்டாமல் அவற்றில் முழுதாக வார்க்க முடிந்தது.