கூரையும் தீயும்: மர ஓடு முதல் செயற்கை ஓடு வரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். உறையுள் என்றதும் பலர் மனக்கண்ணில் தோன்றுவன சுவரும் வாயிலுமே. ஆயினும் நான்கு கம்பங்களின்மேல் கூரை ஒன்று இருந்தால், சுவர் இல்லாவிடினும் மக்கள் அதனடியில் ஒதுங்குவர். கூரையற்ற நான்கு சுவர்களை எவரும் வீடென்று கூறார்.

இத்தகைய கூரையின் வரலாறு பாடநூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறுவதில்லை. அதனை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. தீக்கு அஞ்சியே மனிதன் தன் கூரையை மீண்டும் மீண்டும் மாற்றி வந்திருக்கிறான். ஓர் இடரை நீக்க வந்த மாற்றுப் பொருள், பல வேளைகளில் வேறோர் இடரை உடன் கொணர்ந்திருக்கிறது. மரத்தாலான ஓடும், அதற்கு மாற்றாக வந்த பொருள்களும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

மர ஓடு

ஓலை, வைக்கோல், மண்ணோடு ஆகியன நம் முன்னோர் தமிழகத்தில் அறிந்த கூரைகள். மலாயாவிற்கு வந்தபின் அத்தாப்பும் தகரமும் பழகின. மரத்தையே ஓடாக்கி வேயும் முறை நம்மில் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். எனினும் அது நமக்கு அருகிலேயே உள்ள வழக்கமாகும். சரவாக்கில் பெலியான் என்னும் இரும்பு மரத்தைச் சிறு பலகைகளாக்கிக் கூரை வேய்ந்தனர். நீரிலிட்டால் மூழ்குமளவிற்குச் செறிவுடைய அம்மரத்தைக் கறையான் எளிதில் அணுகாது. தலைமுறை கடந்தும் அது நிலைத்து நிற்கும்.

குளிர் நாடுகளிலும் இம்முறை பழைமையானது. நார்வே நாட்டில் போர்குண்ட் என்னுமிடத்தில் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் எழுந்த மரத் தேவாலயம், பைன் மர ஓடுகள் வேய்ந்த கூரையுடன் இன்றும் நிற்கிறது. ரஷ்யாவின் கிஷித் தீவில் 1714இல் தொடங்கப்பெற்ற தேவாலயத்தின் 22 குவிமாடங்களும் மர ஓடுகளால் மூடப்பட்டவையே.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செந்நிறச் சிடார் மரம் இத்தொழிலுக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. கட்டையின் தலையில் தடித்த இரும்புக் கத்தியை வைத்து மரச்சுத்தியால் தட்டினால், நாரோட்டத்தை ஒட்டிப் பலகை பிளந்து வரும். இவ்வாறு பிளந்தெடுப்பது ஷேக். வாளால் அறுத்தெடுப்பது ஷிங்கிள். பிளந்த பலகையில் நார்கள் அறுபடுவதில்லை. ஆதலால் மழைநீர் உட்புகாது வரிவழியே வழிந்தோடும். மரத்தில் இயல்பாகவே அமைந்த எண்ணெய்ப் பொருள்கள் அது உளுத்துப் போவதைத் தடுக்கும். பளுவற்ற இவ்வோட்டைத் தாங்க மெல்லிய மரச்சட்டங்களே போதும். நாளடைவில் வெள்ளிபோல் மின்னும் அதன் சாம்பல் நிறத்தைச் செல்வர் பெரிதும் விரும்பினர்.

தீ கற்பித்த பாடம்

ஒரு காலத்தில் மர ஓடே பாதுகாப்பான மாற்றுப் பொருளாகக் கருதப்பட்டது என்பது இன்று வியப்பளிக்கலாம். 1212ஆம் ஆண்டில் லண்டனில் பெருந்தீ மூண்டு பலர் மாண்டனர். அதன்பின் நாணலாலும் வைக்கோலாலும் கூரை வேய்தல் அந்நகரில் தடை செய்யப்பட்டது. மண்ணோடு, ஈயத்தகடு ஆகியவற்றோடு மர ஓடும் பலகையும் அனுமதிக்கப்பட்டன. வைக்கோலை நோக்க மரம் மேலானதன்றோ! ஆயினும் அம்மரமும் எரியும் பொருளே என்பதைக் காலம் உணர்த்தியது. 1666இல் அந்நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தபின், 1667ஆம் ஆண்டுச் சட்டம் செங்கல்லாலும் கல்லாலும் வீடுகள் கட்டப்பெற வேண்டும் என விதித்தது.

நம் தலைநகரும் இப்பாடத்தைக் கற்றதுண்டு. அத்தாப்பும் மரமுமாக இருந்த கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் சிதைத்தது. மறு ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரை மீண்டும் கட்டுமாறு வற்புறுத்தினார். அதற்கெனச் செங்கற் சூளைகள் எழுந்தன. இன்று தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்து விளங்கும் பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரை அச்செங்கற் களங்களிலிருந்தே பெற்றது. ஒரு தீயின் நினைவு ஓர் ஊர்ப்பெயரில் உறைந்து கிடப்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

கலிபோர்னியாவோ இப்பாடத்தைக் கற்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1923 செப்டம்பர் 17ஆம் நாள் பெர்க்லி நகரில் காட்டுத்தீ புகுந்து ஏறத்தாழ 600 கட்டடங்களை அழித்தது. மர ஓட்டுக் கூரைகளே தீ பரவ வழிவகுத்தன. காய்ந்து சுருண்ட ஓட்டின் விளிம்பில் ஒரு தீப்பொறி தங்கினாலே போதும், அது பற்றிக்கொள்ளும். அத்துடன் நில்லாது, எரியும் ஓடு காற்றில் பெயர்ந்து, தானே ஒரு தீப்பந்தமாகிப் பல வீடுகளுக்கு அப்பால் சென்று விழும். இவ்வாறு ஒரு கூரை மற்றொரு கூரைக்குத் தீ வைத்தது. தீயடங்கியதும் நகர மன்றம் மர ஓட்டைக் கட்டுப்படுத்த முனைந்தது. ஆனால் மர வணிகரின் எதிர்ப்பால் அம்முயற்சி தளர்ந்தது.

ஓராண்டில் இரு தீ

இவ்வரலாற்றில் 1961ஆம் ஆண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று, சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் தீ மூண்டது. நெருக்கமாக நின்ற மர வீடுகளும் அத்தாப்புக் கூரைகளும் ஒருசேர எரிந்தன. நால்வர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்கள் ஏழைகள்.

ஆறு மாதங்கள் நிறைவதற்குள், நவம்பர் 6ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெல் ஏர் குன்றுகளில் தீ மூண்டது. அங்கு அழிந்தவை 484 வீடுகள். அவற்றில் வாழ்ந்தோர் செல்வர். திரைப்பட நடிகரும் அவர்களுள் இருந்தனர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரிச்சர்ட் நிக்சன், அன்று தாம் குடியிருந்த வாடகை வீட்டின் கூரைமீது ஏறி நின்று நீர்க்குழாயால் அதனை நனைத்தார். அக்காட்சி படமாகப் பதிவாகியுள்ளது.

அத்தாப்பின்கீழ் வாழ்ந்தவனையும் சிடாரின்கீழ் வாழ்ந்தவனையும் தீ வேறுபடுத்திக் காணவில்லை. வேறுபாடு அதற்குப் பின்னர்தான் தோன்றியது. சிங்கப்பூரில், 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எரிந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகளை விரைந்து எழுப்பியது. அங்கு மக்களின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. அரசின் முடிவே முடிவாயிற்று. லாஸ் ஏஞ்சலிசிலோ அழகுணர்ச்சியும் வணிக நலனும் குறுக்கே நின்றன. கூரையில் மர ஓடே இருக்க வேண்டும் என்று விதித்த குடியிருப்புகளும் கலிபோர்னியாவில் இருந்தன. புதிய கூரைகளில் மர ஓட்டை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் முற்றிலும் விலக்கியது 1980களின் இறுதியில்தான். பெர்க்லியை அடுத்த ஓக்லாந்துக் குன்றுகளில் 1991 அக்டோபர் 20ஆம் நாள் மூண்ட தீயில் 25 பேர் மாண்டனர். மூவாயிரத்திற்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன. 1923ஆம் ஆண்டின் பாடம் 68 ஆண்டுகளுக்குப் பின்னும் முழுமையாகக் கற்கப்படவில்லை.

மாற்றாக வந்தவை

மர ஓட்டிற்கு மாற்றுத் தேடும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ரெனால்ட்ஸ், தார் தோய்த்த தடித்தாளின்மேல் கல் துகள்களைப் பதித்துச் சிறு ஓடுகளாக வெட்டும் முறையை 1903ஆம் ஆண்டளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். விலை குறைந்த அத்தார் ஓடு, பின்னாளில் தடித்தாளுக்குப் பதிலாகக் கண்ணாடி இழையை அடிப்படையாகக் கொண்டது. இன்று வட அமெரிக்க வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது அதுவேயாகும்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக், சிமெண்டுடன் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரைக் கலந்து மெல்லிய தகடுகள் செய்தார். நிலைபேறு என்னும் பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு எட்டர்னிட் எனப் பெயரிட்டார். அது தீயில் எரியாது, கறையான் அரிக்காது, துருப்பிடிக்காது. மரத்தின் வரிகளை அச்சிட்டு மர ஓடுபோலவே தோன்றுமாறும் அதனைச் செய்தனர். உலகெங்கும் வீடுகளும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் அதனை ஏற்றன.

தீக்கு அஞ்சிய மனிதன் வேண்டிய வரம் கிடைத்துவிட்டது என்றே அன்று தோன்றியிருக்கும். ஆனால் எரியாத அந்நார் மூச்சில் புகுந்தது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவர் நுரையீரலில் கல்நார்த் துகள்கள் காணப்பட்டதை மருத்துவர் குக் வெளியிட்டார். கல்நாரால் நுரையீரலின் உறையில் வரும் புற்றுநோய் ஒன்றை 1960இல் தென்னாப்பிரிக்காவின் வாக்னரும் உடன் ஆய்ந்தோரும் உறுதிப்படுத்தினர். சிங்கப்பூர் 1989 முதல் கட்டடங்களில் கல்நாரை விலக்கியது. இங்கிலாந்தில் முழுத்தடை வந்தது 1999இல். முதற்சான்றுக்கும் முழுத்தடைக்கும் இடையே கழிந்தவை 75 ஆண்டுகள்!

உடையாத கல்நார்க் கூரை தன்னடியில் இருப்போர்க்கு உடனே கேடு செய்வதில்லை. அதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், அது சிதைந்து பொடியாகும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கின்றன. ஆதலின் பழைய கட்டடத்தின் உடைந்த தகட்டை மாணவரைக் கொண்டு அப்புறப்படுத்துவதும், அதன் தூசியைப் பெருக்குவதும் அறவே கூடா. அது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய பணியாகும்.

கல்நாரை நீக்கி, அதற்குப் பதிலாக மர நாரைச் சிமெண்டில் கலந்து செய்த ஓடுகள் 1980களில் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் சில வகைகள், வாக்களித்த காலத்திற்கு வெகு முன்னரே ஈரத்தால் ஊறி விரிசலுற்று உதிர்ந்தன. வீட்டுக்காரர்கள் வழக்கு மன்றம் ஏறினர்.

செயற்கை ஓடு

இந்நிலையில்தான் 1990களில் பிளாஸ்டிக் வகைகளாலும் ரப்பராலும் ஆன செயற்கை ஓடுகள் வந்தன. உண்மையான சிடார்ப் பலகைகளிலிருந்து அச்செடுத்து, உருக்கிய பிளாஸ்டிக்கை அதில் செலுத்தி வார்க்கின்றனர். மரத்தின் பிளவும் வரியும் அப்படியே பதிகின்றன. நிறப்பொருள், தீயைத் தாழ்த்தும் பொருள், வெயிலின் புற ஊதாக்கதிரைத் தாங்கும் பொருள் ஆகியன உடன் சேர்க்கப்படுகின்றன. மண்ணோட்டின் பளுவைத் தாங்கவியலாத, மர ஓட்டிற்கெனக் கட்டப்பெற்ற வீடுகளுக்கு இவை பொருந்துவதே இவற்றின் சிறப்பு.

கனடாவில் பழைய வாகனச் சக்கரங்களின் ரப்பரை அரைத்தும் இத்தகைய ஓடுகள் செய்கின்றனர். லாரிச் சக்கரங்களில் இயற்கை ரப்பரின் பங்கு இன்றும் பெரிது. அதிகாலை இருளில் நம் பெற்றோர் மரம் சீவி எடுத்த பால் கப்பலேறிச் சக்கரமாயிற்று. அதே பால்மரத்தின் பயன் இன்று எங்கோ ஒரு வீட்டின் கூரையாகவும் ஆகிறது. ஆனால் அப்பாலை எடுத்தவர் குடியிருந்த லயங்களின்மேல் இருந்தது நண்பகலில் கொதிக்கும் தகரம். எந்தக் கூரையின்கீழ் வாழ்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை; அவர்களுக்காக வேறெவரோ தேர்ந்தெடுத்தனர்.

செயற்கை ஓட்டின் தீத்தாங்கும் ஆற்றலை அமெரிக்காவில் சோதனையால் வகுப்பிடுகின்றனர். ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள எரியும் மரக்கட்டை அடுக்கைக் கூரையின்மேல் வைத்து, தீ உட்புகுகிறதா என்று காண்பர். இதில் தேறுவது ஏ வகுப்பு. மருந்தேற்றாத மர ஓடு எவ்வகுப்பிலும் சேராது. இங்கு ஒன்று கருதத்தக்கது. செயற்கை ஓடுகள் பல தாமாகவே ஏ வகுப்பை அடைவதில்லை. அடியில் தீத்தடுப்பு விரிப்பு ஒன்றும் இட்டாலே அடைகின்றன. அவ்விரிப்பைச் சிக்கனம் கருதி விட்டுவிட்டால், வாங்கியது பெயரளவிலான பாதுகாப்பே.

ஐம்பது ஆண்டு உழைக்கும் என்னும் உறுதிமொழியுடனும் இவை விற்கப்படுகின்றன. 1990களில் பிறந்த பொருள் இன்னும் ஐம்பது ஆண்டுகளைக் காணவில்லை என்பதை எளிய கழித்தல் கணக்கே காட்டிவிடும். போர்குண்ட் தேவாலயத்தைப் போல் காலம் வழங்கிய சான்று வேறு. ஆய்வுக்கூடம் வழங்கும் மதிப்பீடு வேறு. பிளாஸ்டிக் எரிந்தால் எழும் புகையையும், ஆயுள் முடிந்த ஓடு போய்ச் சேருமிடத்தையும் நாம் எண்ண வேண்டும்.

முடிவுரை

இவ்வாறு கூறுவதால் புதியன வேண்டா என்பது கருத்தன்று. வைக்கோலைவிட மரமும், மரத்தைவிட எரியாத ஓடும் எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளன. வருமுன் காப்பதே அறிவு. ஆனால் காத்தல் என்பது பழைய இடரை மட்டும் நினைப்பதன்று. கல்நார்த் தகட்டைப் போற்றியோர் தீயைப் பற்றி ஆயிரம் வினா எழுப்பினர். மூச்சைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பவில்லை. நெல்லி கெர்ஷாவின் மரணம் அவ்வினாவை எழுப்பியபோதும் பலர் செவிசாய்க்கவில்லை.

எந்தப் புதிய பொருளைக் கண்டாலும், இதனைச் செய்பவர் யார், இதன்கீழ் வாழ்பவர் யார், இதனைப் பிரித்தெடுப்பவர் யார் என்று கேட்க நம் மாணவரைப் பழக்குவோமாக. கூரையைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதன்கீழ் உறங்குபவர் வேறொருவர் என்னும் நிலை உள்ளவரை, இம்மூன்று வினாக்களும் வகுப்பறையில் ஒலித்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.