ரூத் எல்லிஸின் இல்லம்

வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓர் எளிய வீட்டின் கூடத்திலும் வரலாறு உருவாவதுண்டு. அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில் இருந்த அத்தகைய வீடு ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அவ்வீட்டுக்குரியவர் ரூத் எல்லிஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவர் 1899-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தார். அடிமை முறையின் இறுதி ஆண்டுகளில் பிறந்தவர்கள் அவருடைய பெற்றோர். 1908-இல் வெள்ளையர் கும்பல் ஒன்று அந்நகரின் கறுப்பர் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தபோது ரூத்துக்கு வயது ஒன்பது. பின்னர் அச்சுத் தொழிலைக் கற்று, 1937-இல் டெட்ராய்ட் சென்று, அங்கே சொந்தமாக அச்சகம் நடத்தினார். செசிலின் ஃபிராங்க்ளின் என்னும் பெண்மணியே அவருடைய வாழ்க்கைத் துணை.

தம் பாலினத்தாரையே நேசிப்போரையும், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தில் அடங்காதோரையும் இக்காலத்தில் பால்புதுமையர் என்கிறோம். அந்நாளில் அவர்களுக்கு நேர்ந்த துன்பம் பெரிது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1952-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியல், தன்பால் ஈர்ப்பை ஒரு மனக்கோளாறு என்றே குறித்தது. மனம் நொந்து மருத்துவரிடம் சென்ற இளைஞனுக்கு, அவன் கொண்ட அன்பே நோய் என்ற விடை கிடைத்தது. கறுப்பின இளைஞர்க்கோ துன்பம் இரு மடங்கு. வெள்ளைப் பால்புதுமையர் கூடும் விடுதிகள் நிறத்தைக் காட்டி அவர்களை விலக்கின. சொந்தக் குடும்பமோ அவர்களுடைய இயல்பைக் காட்டி விலக்கிற்று. அவர்கள் எங்கே செல்வார்கள்?

ரூத்தின் வீட்டுக்குச் சென்றார்கள். 1946 முதல் 1971 வரை அவ்வீடு அவர்களுக்குப் புகலிடமாக விளங்கிற்று. அங்கே ஆடலும் பாடலும் இருந்தன. மனம் விட்டுப் பேசுவதற்குத் தோழமையும் இருந்தது. பசித்தோர் உணவு பெற்றனர். கல்லூரி மாணவர் சிலர் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் உதவி பெற்றனர். உளநல உதவி என்ற பெயர் அதற்கு இல்லை. நம்மவர் அதனை விருந்தோம்பல் என்றே அழைத்திருப்பர். ஆயினும் தனிமையால் உடையும் உள்ளத்துக்கு அதுவே மருந்தாயிற்று.

காலம் மாறிற்று. 1973-இல் உளமருத்துவர் சங்கம் தன்பால் ஈர்ப்பு நோயன்று என்று தீர்மானித்தது. 1990-இல் உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே முடிவு செய்தது. ஆனால் பட்டியலிலிருந்து ஒரு சொல்லை நீக்கிய அளவில் வீட்டுக் கதவுகள் திறந்துவிடவில்லை. கெய்ட்லின் ரயன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் கலிஃபோர்னியாவில் வெள்ளை இன, லத்தீன் இன இளைஞரிடையே நிகழ்த்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. குடும்பத்தாரால் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பால்புதுமை இளைஞர், புறக்கணிப்புக்கு அவ்வளவாக ஆளாகாதவரைக் காட்டிலும் எட்டு மடங்குக்கு மேல் தற்கொலை முயற்சியைத் தெரிவித்தனர் என்று அவ்வாய்வு கூறிற்று. இவர்களை வாட்டுவது இவர்களுடைய இயல்பன்று, பிறர் இழைக்கும் புறக்கணிப்பே என்பது இதனால் விளங்கும்.

ரூத் நூறு வயதை எட்டிய 1999-ஆம் ஆண்டில், அவர் பெயரால் ‘ரூத் எல்லிஸ் மையம்’ தோன்றிற்று. டெட்ராய்ட் நகரால் பெரும்பாலும் சூழப்பட்ட ஹைலண்டு பார்க் என்னும் சிற்றூரில் அது பணியாற்றி வந்தது. வீடிழந்து வரும் இளைஞர்க்கு, அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அங்கே உணவும், குளிக்க வசதியும், துணி துவைக்க இடமும் கிடைத்தன; மனநல ஆலோசனையும் கிடைத்தது. இவற்றை ஒரே கூரையின்கீழ் வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்றிரவு எங்கே உறங்குவது என்று அறியாதவன் தன் உள்ளத்துத் துயரை எவ்வாறு விரித்துரைப்பான்? முதலில் பசி தீரவேண்டும். அடுத்து நம்பிக்கை பிறக்கவேண்டும். அதன் பின்னரே வாய் திறக்கும். ரூத் 2000-ஆம் ஆண்டில், தமது 101-ஆம் வயதில் மறைந்தார். 2022-இல் டெட்ராய்ட் நகரில் 43 குடியிருப்புகள் கொண்ட கட்டடம் ஒன்றும் அம்மையத்தின் பெயரால் திறக்கப்பட்டது.

இத்தகைய உதவிகள் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 988 என்னும் எண்ணில் இயங்கும் அமெரிக்கத் தேசிய நெருக்கடித் தொலைபேசிச் சேவையில், பால்புதுமை இளையோர்க்கென 2022-இல் தனிப் பிரிவு அமைந்தது. பொதுச் சேவை தொடர்ந்தபோதும், அத்தனிப் பிரிவை 2025 ஜூலை 17 அன்று அரசு நிறுத்திவிட்டது. ஓர் ஆணையால் வந்தது மற்றோர் ஆணையால் போயிற்று.

ரூத் எல்லிஸ் எந்த ஆணைக்கும் காத்திருந்தவரல்லர். உளமருத்துவம் தன் பிழையைத் திருத்திக்கொள்ளுமுன், கால் நூற்றாண்டுக் காலம் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார். அறிஞர்களின் ஆய்வு பிற்காலத்தில் கண்ட உண்மையை அவர் அன்றே செயலில் காட்டினார். மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் ஒதுங்கி நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவரை எள்ளி நகையாடாமல் அருகே அமர்த்திக்கொள்வதற்குப் பெரும் பொருளோ பட்டமோ தேவையில்லை.