கல்லாப்பெட்டியில் கிடந்த கத்தி

பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மலர்க் குழுவினர், "சங்க வரலாற்றை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கத்திகளைப் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். முதலில் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. கப்பல், பள்ளிவாசல், முதல் நிர்வாகக் குழு என்று கனமான செய்திகள் வரும் மலரில் மடக்குக்கத்திக்கு என்ன வேலை? பிறகு நன்னாவின் கடையை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கல்லாப்பெட்டியில் காசு இல்லாத நாளும் இருந்தது. கத்தி இல்லாத நாள் இருந்ததில்லை.

நன்னா என்பது என் உம்மாவின் அத்தா, மர்ஹூம். இராமநாதபுரத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 1951இல் 'ரஜூலா' கப்பலில் வந்தவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று ஓடியது. இதைப் படிப்பவர்களில் பலருடைய குடும்பக் கதை அந்தக் கப்பலின் கீழ்த்தளத்தில்தான் தொடங்குகிறது. இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹமில் நன்னா இறங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸில் உறவினர் ஒருவரின் அஞ்சடிக் கடையில் கடைப் பையனாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அந்தக் கடையையே எடுத்து நடத்தினார். பத்திரிகை, சிகரெட், வெற்றிலை, மிட்டாய், பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் எல்லாம் அங்கே விற்றன.

அந்தக் கடையில் கத்தி எத்தனை வேலை செய்தது என்பதை என் மாமாதான் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் 'தமிழ் நேசன்' கட்டு வந்து விழும்போது சணல் கயிற்றை அறுக்க வேண்டும். மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும், அதுவும் சாக்கு கிழியாமல், ஏனென்றால் வெறும் சாக்குக்கும் விலை உண்டு. வெற்றிலைக் காம்பைக் கிள்ள, புகையிலையை நறுக்க, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்க, மதியம் ஓர் ஆரஞ்சை உரிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கத்திதான். பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பதற்குக் காசு வாங்கியதில்லை. ஆனால் சீவிக்கொள்ள வந்த பிள்ளை மிட்டாய் வாங்காமல் போனதும் இல்லை. வியாபாரி வியாபாரிதான்.

இந்தக் கத்திக்கு நம்மிடையே பல பெயர்கள் உண்டு. அலகைப் பிடிக்குள் மடக்கி வைப்பதால் மடக்குக்கத்தி. மலாய்க்காரர்கள் 'பிசாவ் லிப்பாட்' என்பதும் இதே பொருளில்தான். பேனாக்கத்தி என்ற பெயர் இன்னும் பழைய வேலையைச் சொல்கிறது. இறகுப் பேனாவின் முனை தேய்ந்ததும் சீவிக்கொள்ள வைத்திருந்த சிறிய கத்தி அது. அரபு எழுத்துக்கு நாணல் கலம் பிடித்தவர்களுக்கும் அப்படியொரு கத்தி இல்லாமல் முடியாது. முனையைச் சரியான சாய்வில் வெட்டினால்தான் எழுத்து தடித்தும் மெலிந்தும் வரும். எங்கள் வீட்டில் மட்டும் இதை 'வில்லுக்கத்தி' என்போம். பிடியின் முதுகில் ஓர் எஃகு வில் இருக்கிறது. விரித்தாலும் மடக்கினாலும் அலகை அதுதான் அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே பெயர் பொருத்தமானதுதான் என்று நினைத்து அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

நன்னாவுக்கு அந்தக் கத்தி எப்படி வந்தது என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. கப்பலை விட்டு இறங்கி வாங்கிய முதல் மாதச் சம்பளத்தில் புதிதாக வாங்கியது என்பார் மாமா. உம்மா சொல்வது வேறு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறைய இருந்த காலம் அது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் முதல் ரயில் ஓடியதற்குப் பிறகு, எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அங்கே பல தலைமுறை வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் நன்னாவிடம் தினமும் பத்திரிகை வாங்குவாராம். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, தன் தகப்பனார் வைத்திருந்த கத்தியை நன்னாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்பது உம்மாவின் கதை. அந்த எழுத்தர் ஒரு சமயம் நோயில் படுத்திருந்தபோது பல மாதம் கணக்குப் பார்க்காமல் நன்னா பத்திரிகை போட்டாராம். அதற்கு நன்றிக் கடன்.

இதில் எது உண்மை என்பதைக் கத்தியே சொல்லியிருக்கும். நான்தான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

அலகின் கூர் முடிந்து பிடிக்குள் நுழையும் இடத்தில், கட்டைவிரல் நகத்தளவு ஒரு தட்டையான பகுதி இருக்கும். செய்தவர் யார் என்ற முத்திரையை அங்கேதான் அடிப்பார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இயங்கிய ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். 1822இல் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்யும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அதைக் காட்டிக்கொள்ள ஒரே கத்தியில் 1822 அலகுகளை வைத்துச் செய்தார்கள். கண்காட்சிக்கு வைக்கலாம், ஆரஞ்சு உரிக்க முடியாது. அந்த உரிமையால் அவர்களுடைய சாதாரணக் கத்திகளிலும் கிரீடமும் ஆட்சியிலிருக்கும் அரசரின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டன. விக்டோரியா காலத்தில் 'வி ஆர்', ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் 'ஜி ஆர்'. விக்டோரியா இறந்தது 1901இல். ஆகவே 'வி ஆர்' முத்திரையுள்ள கத்தியை ஒருவர் 1951இல் கடையில் புதிதாக வாங்கியிருக்க வழியில்லை. அது இன்னொருவர் கையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நன்னாவின் கத்தி ராஜர்ஸ் கத்திதான். கிரீடத்தின் பாதியும் 'ஆர்' என்ற எழுத்தின் ஒரு காலும் இன்றும் தெரிகின்றன. அதற்கு முன்னால் இருந்த எழுத்து இல்லை. ஷா ஆலமில் பாலிடெக்னிக் முதலாண்டு படித்தபோது, இயந்திரப் பட்டறையில் கற்ற வித்தையை வீட்டில் காட்ட வேண்டும் என்ற ஆசையில், கறுத்துக் கிடந்த கத்தியை மெருகுச் சக்கரத்தில் பிடித்தேன். பத்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆனது. பெருமையோடு மாமாவிடம் கொண்டு போனேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்கேப்பா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கத்தி சேகரிக்கத் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான். இன்று என்னிடம் இருபத்து மூன்று இருக்கின்றன. பெரும்பாலானவை பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பத்து வெள்ளிக்கும் நாற்பது வெள்ளிக்கும் இடையில் வாங்கியவை.

பழைய கத்தியைக் கையில் எடுக்கும்போது, அது எத்தனை ஊர் சுற்றியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நன்னாவின் கத்திக்கு மான்கொம்புப் பிடி. ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் மான்கொம்புப் பிடிக்குப் பெரிதும் பயன்பட்டது இந்தியக் கடமானின் கொம்பு. மான் ஆண்டுதோறும் தானாக உதிர்க்கும் கொம்புகளைக் காட்டில் பொறுக்கிக் கப்பலேற்றினார்கள். அங்கே எஃகோடு சேர்ந்து கத்தியாகி, மீண்டும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. 1990களின் பிற்பகுதியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, அசல் கொம்புப் பிடியைக் காண்பது அரிதாகிவிட்டது.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கத்திகளில் ஷெஃபீல்டு பெயரை அடித்து விற்றது பெரிய சண்டையானது. 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டு வந்தது. வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 'மேட் இன் ஜெர்மனி' என்ற சொல் அவமானப்படுத்தவே வந்தது. ஆனால் சில பத்தாண்டுகளில் அதுவே தரத்துக்குச் சான்றாகிவிட்டது. 1938இல் ஜெர்மனி சட்டம் போட்டு, சோலிங்கன் பெயரை அந்த வட்டாரத்துக் கத்திகளுக்கு மட்டும் உரியதாக்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பிறர் பெயரைக் கடன் வாங்கியவர்களே தம் பெயரைக் காக்க வேண்டி வந்ததைப் பார்த்தால், வியாபாரம் செய்யும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இனிப் பராமரிப்பு. மெருகுச் சக்கரத்தைத் தொடாதீர்கள் என்பதை என் தவறே சொல்லிவிட்டது. கறுப்பு வேறு, துரு வேறு. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல்தான். அதற்கு முந்திய கத்திகளும், அதற்குப் பிந்தியவற்றில் பலவும் சாதாரணக் கரிம எஃகு. பழமும் வெற்றிலையும் வெட்ட வெட்ட அதில் நீலம் கலந்த சாம்பல் நிறம் படியும். அந்தப் படிவு கத்தியை ஓரளவு காக்கும், அதை விட்டுவிடுங்கள். செம்மண் நிறத்தில் பொடியாக உதிர்வதுதான் துரு. அதன்மேல் தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியாலோ பழைய வெண்கலக் காசின் விளிம்பாலோ மெதுவாகச் சுரண்டினால் போதும். மணல்தாள் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் நாளடைவில் பிசின் மாதிரி இறுகி வில்லைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டில் மூத்தம்மா நல்லெண்ணெயில் முக்கி வைத்திருந்த கத்தியை விரிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கிள்ளான் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. தோல் உறைக்குள் வைத்தால் அந்த ஈரம் உறையிலேயே தங்கிவிடும். பருத்தித் துணியில் சுற்றி, மாத்திரை டப்பாவில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு மூடி வையுங்கள். செல்லுலாய்டுப் பிடியுள்ள கத்தி இருந்தால் தனியாக வையுங்கள். அது பழசாகும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்திலிருக்கும் கத்திகளையும் அரித்துவிடும். மடக்கும்போது டப்பென்று விடாமல் விரலால் தாங்கி மடக்க வேண்டும், இல்லாவிட்டால் கூர் வில்லில் மோதி மழுங்கும். தீட்டுவதற்கு மென்மையான சாணைக்கல், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பொறுமை. குர்பானிக்கு முன் கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளச் சொல்லும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தீட்டும் பழக்கம் மட்டும் எப்படியோ கசாப்புக் கடைக்குப் போய்விட்டது.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவை வீட்டில் இருக்க வேண்டியவை. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நன்னா காலத்தில் சட்டைப்பையில் இருந்தது என்பது இன்று போலீஸ்காரரிடம் எடுபடாது. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி வேறு ரகம். வில்லுக்கத்தி அப்படிப் பாயாது, நகத்தால்தான் விரிக்க வேண்டும்.

கல்லாப்பெட்டியிலிருந்து இந்தக் கத்தியை வெளியேற்றியது சட்டம் இல்லை. 1956இல் ஜப்பானின் ஒசாகாவில் ஒகாடா யோஷியோ என்பவர், சாக்லேட் கட்டியை உடைப்பது போல முனையை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் வெட்டியை உருவாக்கினார். 'ஓல்ஃபா' என்று இன்றும் விற்கிறது. தீட்ட வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம், தொலைந்தால் வருந்தவும் வேண்டாம். கிள்ளானில் பொட்டலப் பொருள் வியாபாரம் செய்யும் நானே அந்த வெட்டியைப் பெட்டி பெட்டியாக விற்கிறேன்.

இந்தக் கட்டுரைக்காகச் சென்ற மாதம் மாமாவைப் பார்க்கப் போனபோது, இது வரைக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "மாமா, நம்ம ஊரில் இதை என்னவென்று சொல்வார்கள்?"

"மடக்குக்கத்தி."

"அப்படியென்றால் நன்னா ஏன் வில்லுக்கத்தி என்றார்?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊர்ப்பக்கத்து உறவினர் யார் வாயிலும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் யாழ்ப்பாணத்தார் வாயில்தான். கத்தியைக் கொடுத்தவரே அதன் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் அல்லவா? மாமா அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பவரில்லை. "பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்தவன் யாரிடமிருந்தும் ஒரு சொல்லைக் கற்றிருக்கலாம், தம்பி" என்றார். அதுவும் நியாயம்தான். உம்மாவிடம் சொன்னபோது, "நான் அப்போதே சொன்னேனே" என்பதோடு வழக்கு முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டு அலமாரியிலோ பழைய இரும்புப் பெட்டியிலோ இப்படி ஒரு கத்தி கிடந்தால், துடைப்பதற்கு முன் அலகின் அடியை நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அது யாருடையது, எந்தக் கடையில் இருந்தது, வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் துணிக்குள் வைத்துவிடுங்கள். விற்க வேண்டாம், எனக்குத் தரவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் பெரும்பாலும் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். படத்தை மட்டும் காட்டுங்கள், முத்திரையைப் படித்துச் சொல்கிறேன்.