ஊரைச் சுற்றிப் போன சாலைகள்

சென்னையிலிருந்து திருச்சிக்கும் பெங்களூருக்கும் கொல்கத்தாவுக்கும் பிரியும் நெடுஞ்சாலைகளை நகரின் மேற்கே இணைக்கப் போடப்பட்டது சென்னை புறவழிச்சாலை. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் வரை ஏறக்குறைய 32 கிலோமீட்டர். வெளியூர் லாரிகள் ஊருக்குள் நுழையாமல் கடந்துபோக வேண்டும் என்பதே நோக்கம்.

அந்தச் சாலை போரூர் ஏரியின் குறுக்கே சென்றது. கோடைதோறும் குடிநீருக்குத் தவிக்கும் ஊரில் நீர்நிலையை வெற்றுநிலம்போல வெட்டிச் சென்றது பெரும் பிழை. இருபுறமும் குடியிருப்புகள் நெருங்க, புறவழியே நகர்வழி ஆனது.

ஆகவே இன்னும் மேற்கே, வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை எழுந்தது. நெமிலிச்சேரி வரையிலான பகுதி 2014-இலும், எஞ்சியது 2021-இலும் திறக்கப்பட்டன. அதற்கும் அப்பால் எண்ணூரையும் மாமல்லபுரத்தையும் இணைக்கத் திட்டமிடப்பட்ட எல்லைச் சாலையின் நீளம் சுமார் 133 கிலோமீட்டர்.