முன்பாரமும் பின்பாரமும்

முன்பாரம், பின்பாரம் என்ற இரு சொற்களை வகுப்பறையில் சொன்னால் இன்று பெரும்பாலான மாணவர்களுக்குப் பொருள் விளங்குவதில்லை. வீட்டு வாசலில் டிராக்டரும் டிரெய்லரும் நிற்கிற பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்து ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்பு இச்சொற்களை அறியாத ஒருவரிடம் யாரும் வண்டியை நம்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வழக்கொழிந்த சொற்களுக்காக இரங்கற்பா பாடுவது என் நோக்கமன்று. அதைச் செய்யப் போதுமானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இவ்விரு சொற்களும் ஒரு தொழிலறிவைச் சுமந்தவை. மாடு போய் எஞ்சின் வந்த பிறகும் அந்த அறிவின் தேவை போகவில்லை. சொல் மட்டும் போய்விட்டது. இழுவை வண்டியின் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இரண்டு சக்கர வண்டியில் பாரம் முழுவதும் இருசின்மேல் நிற்கிறது. ஏற்றிய பொருள் இருசுக்கு முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னால் மிகுந்தால் மூக்கணை மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். இரண்டும் சரிசமமாக இருந்தால் நல்லது என்று புதியவர் நினைப்பார். பழகிய வண்டிக்காரர் அப்படி நினைப்பதில்லை. கழுத்தில் சிறிது பாரம் இருந்தால்தான் நுகம் ஆடாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயும், எனவே அவர் முன்னே நகர்ந்து உட்காருவார். பள்ளத்தில் இறங்கும்போது பின்னே நகர்வார். தன் உடம்பையே எடைக்கல்லாக்கி அவர் வண்டியை ஓட்டினார்.

இந்த மேடு பள்ளக் கவலை மிகப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. ஏற்றியிருக்கும் பண்டமோ மிகுதி. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று எண்ணி உமணர்கள் மாற்று அச்சு ஒன்றை அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஓர் அரசனுக்கு இதைவிடப் பயனுள்ள உவமையை நான் படித்ததில்லை. இன்று லாரிக்காரர்கள் ஸ்டெப்னி என்று சொல்வதன் முன்னோர் இந்தச் சேம அச்சு. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றவர்கள் தெருவின் பெயரையே பொருளுக்கு வைத்தார்கள்.) பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வண்டியின் ஆரத்தையும் உருளியையும் பாரையும் தச்சரின் கண்ணோடு வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். அங்கே எருதுகளை ஓட்டுபவள் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண். உரைகள் இதைக் கடந்து போய்விடுகின்றன. எனக்கு அப்பாட்டின் மையமே அவள்தான்.

இலுப்பூருக்கு மேற்கே அதிகத் தொலைவில் இல்லாத கொடும்பாளூரில் மதுரைக்குச் செல்லும் வழி சூலத்தின் முனைகளைப் போல மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பிற்காலத்தில் கொடும்பாளூர் மணிக்கிராமத்து வணிகரின் ஊர். கிழக்கே நார்த்தாமலை, நகரத்தார்மலை என்ற பெயர் மருவியது. ஆகவே இது வண்டித்தடங்களின் நாடு. 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில்பாதை வந்தபோதும் அது கீரனூர், நார்த்தாமலை வழியாகப் போயிற்று, இலுப்பூரைத் தொடவில்லை. ரயிலில் இறங்கிய சரக்கும் மாட்டைத்தான் நம்பியிருந்தது.

இனி டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்றொரு கொல்லர் இருந்தார். வண்டி செய்வதும் அவர் தொழில். 1914இல் ஃபிரெடெரிக் சிப்லி என்ற மரவணிகர் தம் படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வழி கேட்டு வந்தார். அவரிடம் இருந்தது ஃபோர்டு மாடல் டி கார். ஃப்ரூஹாஃப் இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்து காரின் பின்னால் பூட்டினார். அது நன்றாக ஓடவே, வணிகர் மரம் ஏற்றவும் அதேபோல ஒன்று கேட்டார். அதற்கு வைத்த பெயர்தான் செமி டிரெய்லர். 1918இல் அது பெரிய நிறுவனமாகிவிட்டது. நம் ஊர் வண்டிப் பட்டறை ஆசாரி ஒருவர் செய்திருக்கக்கூடிய வேலைதான் அது. மாடு நின்ற இடத்தில் காரை நிறுத்தி, நுகம் இருந்த இடத்தில் கொக்கியை வைத்தார். குதிரை தன்மேல் பாரம் ஏறினால் முரண்டு பிடித்துச் சொல்லிவிடும். கார் சொல்லாது. வேறுபாடு அங்கேதான் தொடங்கியது.

இதன் விளைவை வயலில் முதலில் கண்டவர்கள் டிராக்டர் ஓட்டிகள். அக்காலத்து டிராக்டரின் பின்னால் கலப்பையைக் கொக்கியிட்டு இழுத்தார்கள். கொழு பாறையில் சிக்கினால், பின்சக்கரம் சுழலாமல் டிராக்டரின் முன்பகுதியே எழும்பி ஓட்டியின்மேல் கவிழ்ந்துவிடும். பலர் இப்படி மாண்டார்கள். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் 1920களில் இதற்கு விடை கண்டார். கலப்பையை ஒரே கொக்கியில் தொங்கவிடாமல் மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்தார். கலப்பையின் எடையும் மண்ணின் எதிர்ப்பும் சக்கரங்களை நிலத்தில் அழுத்துமாறு அந்த அமைப்பு இருந்தது. ஃபெர்குசன் செய்தது முன்பார பின்பாரக் கணக்கை இரும்பில் எழுதியதுதான் என்பேன். 1938இல் அவர் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி, எழுத்தில் எதுவும் இல்லாமல் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். 1939இல் டிராக்டர் வந்தது. 1947இல் உடன்பாடு முறிந்து வழக்கானது. 1952இல் ஃபோர்டு நிறுவனம் 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. ஃபெர்குசனின் நிறுவனம் 1953இல் மாசி ஹாரிஸோடு இணைந்தது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாசி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. நம் மாவட்டத்துச் சாலைகளில் ஓடும் அந்தச் சிவப்பு வண்டிகளின் மூதாதை ஃபெர்குசன் பெயரைத் தாங்கியது.

ஆனால் இங்கே ஒரு முரண் நேர்ந்தது. ஃபெர்குசன் உழுவதற்காகச் சிந்தித்தார். நம் நாட்டில் டிராக்டர் உழுவதைப் போலவே பாரம் இழுக்கவும் பயன்பட்டது. வானம் பார்த்த பூமியில், கண்மாயை நம்பி ஒரு போகம் விளையும் ஊரில், உழவு ஆண்டில் சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி நாள்களில் தவணை கட்டுவது டிரெய்லர்தான். வைக்கோல், செங்கல், கருங்கல், எரு, தண்ணீர்த் தொட்டி, திருவிழாப் பந்தல் சாமான் எல்லாம் அதில் போகும். அந்த டிரெய்லரை மூன்று புள்ளியில் இணைப்பதில்லை. ஒரே கொக்கி, ஒரே பின். ஃபெர்குசன் நீக்க நினைத்த இடர் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. முன்பாரம் மிகுந்த டிரெய்லர் டிராக்டரின் பின்பக்கத்தை அழுத்தும். முன்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் ஓடும். கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்சக்கரம் உயர்ந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஸ்டியரிங் அந்த நேரத்தில் வெறும் அலங்காரம் என்பதை மறந்துவிடுகிறோம். கண்மாய்க் கரையில் ஏறும்போது பின்புறமாகக் கவிழ்வதும் இதனால்தான்.

மாட்டுவண்டிக் காலம் பொற்காலம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி 1970களில் மாட்டுவண்டியை முறையாக ஆராய்ந்தார். மேலாண்மைப் படிப்பு சொல்லித்தருகிறவர் கட்டை வண்டியைப் பற்றிப் பேசுவது அன்று பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். நாட்டில் ஏறத்தாழ 1.5 கோடி வண்டிகள் ஓடுவதாக அவர் கணக்கிட்டார். நுகம் கழுத்தைப் புண்ணாக்குவதையும், இறக்கத்தில் வண்டியை மாட்டின் கழுத்தே நிறுத்த வேண்டியிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். காற்றடைத்த சக்கரத்தோடு டயர் வண்டி வந்தபோது இழுப்பது எளிதாயிற்று. ஆனால் எளிதாக உருளும் வண்டி இறக்கத்திலும் எளிதாகவே உருளும்.

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம் என்பதைத் தமிழர்கள் கோயில் தேரிலிருந்து நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம்; தேரின் போக்கைத் தீர்மானிப்பவர்கள் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரே. இன்று முட்டுக்கட்டை என்ற சொல் இடையூறு என்ற பொருளில் வசைச்சொல் ஆகிவிட்டது. தேரோட்டத்தில் அதுதான் உயிர்காக்கும் கருவி. 96 அடி உயரமுள்ள திருவாரூர் ஆழித்தேர் 1948க்குப் பின் நின்றுபோய் 1970இல் மீண்டும் ஓடியது. அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது திருச்சி பெல் நிறுவனம். முன்னால் மக்கள் வடம் இழுக்க, பின்னாலிருந்து புல்டோசர்கள் தள்ள, இடையில் பிரேக் வேலை செய்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் நான்கு வீதியைச் சுற்றும் தேருக்குப் பிரேக் இருக்கிறது. நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றுக்கு இல்லை. டிராக்டர் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற பாரம் அதைத் தள்ளும். வளைவில் என்றால் இணைப்பு கத்தரிபோல மடியும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதில் ஒரு சுவையான செய்தியைச் சொல்கிறது. மோட்டார் வாகனம் என்பதற்கு அது தரும் வரையறையில் டிரெய்லரும் அடங்கும். எஞ்சின் இல்லாத ஒரு பெட்டி, சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம். டிராக்டரையோ, தானே பாரம் சுமப்பதற்கென்று அமைக்கப்படாத மோட்டார் வாகனம் என்கிறது அதே சட்டம். ஒன்று சுமக்கும், இயங்காது. மற்றொன்று இயங்கும், சுமக்காது. மெய்யெழுத்தின் இயக்கம் உயிரைச் சார்ந்தது என்று இலக்கணம் படித்த நமக்கு இது புதிதன்று. சட்டம் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யச் சொல்வதன் பொருள், பின்னால் வருவதும் ஒரு வண்டி, அதற்கும் பொறுப்பு உண்டு என்பதே. ஊரில் அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. டிரெய்லர் என்பது டிராக்டரின் வால். வாலுக்கு எதற்கு விளக்கு?

2022 அக்டோபர் 1ஆம் நாள் கான்பூர் மாவட்டம் கட்டம்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சாமான் ஏற்றும்போதாவது மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுகிறோம். மனிதர்கள் கட்டப்படாத பாரம். வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். நம் பக்கத்திலும் காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் இப்படிப் போகும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

அதே டிரெய்லருக்கு வேறு முகமும் உண்டு. 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் தில்லி எல்லையில் பஞ்சாப் உழவர்கள் டிராலிகளையே வீடாக்கி வாழ்ந்தார்கள். அங்கிருந்து வெளியான இதழுக்கு டிராலி டைம்ஸ் என்று பெயர். சிற்றிதழ் வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் சிலர் பெரிய பிக்கப் வண்டி வாங்கிப் படகையும் வீட்டுவண்டியையும் இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிறார்கள். அங்கே டிரெய்லர் வாங்குகிறவர் முதலில் கற்கும் விதி, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின்மேல் இருக்க வேண்டும் என்பது. குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கி இழுக்கும் வண்டியையும் சாய்த்துவிடும். மிகுந்தால், இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். நுகம் ஆடாதிருக்கக் கழுத்தில் சிறிது பாரம் வேண்டும் என்று நம் வண்டிக்காரர் சொன்னதற்கு அவர்கள் விழுக்காடு கண்டிருக்கிறார்கள். மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்ற குறளை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அது எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பற்றியது. எங்கே ஏற்ற வேண்டும் என்பதற்குக் குறள் இல்லை. இரண்டு சொற்கள் இருந்தன.

நம் ஊரில் பிக்கப் வண்டி எதையும் இழுப்பதில்லை. தன் முதுகிலேயே சுமக்கிறது. 2005இல் டாடா ஏஸ் வந்து சின்ன யானை என்று பெயர் பெற்ற நாளிலிருந்து சிறு பாரமெல்லாம் டிரெய்லரிலிருந்து அதற்கு மாறிவிட்டது. தை பிறந்தால் இலுப்பூர் வழியாக விராலிமலைப் பக்கம் போகிற வண்டிகளைப் பார்க்கலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை செய்து, 2017இல் மாநிலச் சட்டத் திருத்தத்தால் மீண்டு, 2023இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஜல்லிக்கட்டுக்குக் காளைகள் அவற்றில் பயணம் செய்கின்றன. நுகம் காணாத கழுத்தில் மணிமாலை. ஓட்டுநர் வேகத்தைத் திடீரென்று குறைக்கும்போது காளை முன்கால்களை அகட்டி ஊன்றிக்கொள்கிறது. மேட்டில் ஏறும்போது கழுத்தை முன்னே நீட்டுகிறது. பக்கத்தில் நிற்கிற இளைஞர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள்.