வானூர்திப் படங்களும் தோட்டத்து வரலாறும்



தேசிய தின அணிவகுப்பு தலைநகரில் நடக்கும் ஆண்டுகளில், ஆகஸ்டு மாதக் கடைசி வந்துவிட்டால் பங்சார் வானத்தில் போர் விமானங்களின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். "படிக்கிற பிள்ளைக்கு ஏரோப்ளேன் படம் எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குச் சரித்திரத்திலிருந்தே பதில் சொல்லலாம் என்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற விமானப் படம் 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் காலை 10.35 மணிக்கு எடுக்கப்பட்டது. இடம், அமெரிக்காவில் கிட்டி ஹாக் அருகிலுள்ள மணல்வெளி. ரைட் சகோதரர்களின் விமானம் 12 வினாடி பறந்து, 120 அடி தூரம் சென்றது. ஆர்வில் ரைட் விமானத்தில் படுத்திருந்தார். வில்பர் பக்கத்தில் ஓடினார். அப்படியானால் படம் எடுத்தது யார்? கடலில் தத்தளிப்போரைக் காப்பாற்றும் நிலையத்தில் வேலை செய்த ஜான் டேனியல்ஸ் என்ற சாதாரண ஊழியர். ஆர்வில் கேமராவை முக்காலியில் நிறுத்தி வைத்திருந்தார். சரியான நேரத்தில் அதை அழுத்தியது டேனியல்ஸின் கை. அவர் அதற்கு முன் படமே எடுத்ததில்லையாம்! நாளும் நேரமும் தூரமும் குறிப்பில் ஏறியிருப்பதால் அந்தப் படம் இன்றும் சாட்சி சொல்கிறது. ஓர் உழைப்பாளியின் கை சரித்திரத்தைப் பிடித்து வைத்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூரின் பழைய விமானத் திடல் சுங்கை பெசியில் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது, ஆஸ்திரேலியாவின் 453-ஆம் விமானப் பிரிவு இங்கிருந்துதான் பறந்தது. அவர்களிடம் இருந்தவை பஃபலோ என்ற குட்டையான, கனத்த விமானங்கள். டிசம்பர் 22-ஆம் நாள் கோலாலம்பூர் வானத்தில் பெரும் சண்டை நடந்தது. ஜப்பானிய விமானங்களின் வேகத்துக்குப் பஃபலோக்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அந்தப் பஃபலோ இனத்தில் முழு உருவோடு இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. பின்லாந்து நாட்டுக்குச் சொந்தமாயிருந்த அதையும் 1998-ல் ரஷ்யாவில் ஓர் ஏரியின் அடியிலிருந்துதான் எடுத்தார்கள். நம் வானத்தில் பறந்த பஃபலோக்களைப் பார்க்க வேண்டுமானால், அக்காலத்துப் படங்களைத்தான் நாட வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தின் கடைசியில் மறுபடியும் விமானம் வந்தது. அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வங்காளத்திலிருந்து புறப்பட்டு வந்து, 1945 பிப்ரவரியில் செந்தூல் ரயில் பட்டறையைத் தாக்கின. மார்ச் 10-ஆம் நாள் ரயில் நிலையப் பகுதிக்குக் குறிவைத்தபோது, அன்றைய சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மீதும் குண்டு விழுந்தது. பங்சாருக்குப் பக்கத்தில் இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கிறதே, அதே இடம்தான்!

அடுத்தது அவசரகாலம். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட காலம். காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தேட ஆகாயத்திலிருந்தே படம் எடுத்தார்கள். உலகப் போரில் பெயர் பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம், பிரிட்டிஷ் ஆகாயப் படைக்காகச் செய்த கடைசிப் போர்ப்பணி எது தெரியுமா? 1954 ஏப்ரல் 1-ஆம் நாள், சிங்கப்பூர் செலத்தார் தளத்திலிருந்து பறந்து, ஜொகூர் காட்டைப் படம் பிடித்ததுதான். துப்பாக்கியால் பேர் வாங்கிய விமானம், கடைசியில் கேமராவோடு விடைபெற்றது.

சுதந்திரத்துக்குப் பின் 1958-ல் நமக்கென்று ஆகாயப் படை பிறந்தது. அதன் முதல் விமானம் இரட்டை எஞ்சின் கொண்ட ட்வின் பயனியர். 'லாங் ராஜாவாலி' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அதன் எண் எப்.எம். 1001. 1968-ல் நூரி ஹெலிகாப்டர்கள் வந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உழைத்து 2020-ல் ஓய்வு பெற்றன. 1969-ல் ஆஸ்திரேலியா சேபர் என்ற ஜெட் போர் விமானங்களை அன்பளிப்பாகக் கொடுத்தது. பயணிகள் விமானங்கள் 1965-ல் சுபாங்குக்குப் போய்விட்டன. சுங்கை பெசியில் ஆகாயப் படை தங்கியது. அங்கே பழைய விமானங்களின் அருங்காட்சியகமும் இருந்தது. 2018-ல் அந்தத் தளமும் மூடப்பட்டது. திடல் போனது, படங்கள் நின்றன.

படைத்தளத்து வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்தால் சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரலாம். ஆகவே பொதுமக்கள் தைரியமாகப் படம் எடுக்கக் கிடைத்த இடம் விமானக் கண்காட்சிதான். 1991-ல் தொடங்கிய லங்காவி கண்காட்சிக்கு நாடெங்கிலுமிருந்து ஆர்வலர்கள் கேமராவோடு போகிறார்கள். அவர்களின் வேலையில் நுணுக்கம் உண்டு. சீறிவரும் ஜெட் விமானத்துக்கு, ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே கேமராவின் கண் திறந்து மூடவேண்டும். ஆனால், முன்னால் காற்றாடி சுழலும் பழைய விமானத்தை அப்படி எடுத்தால், காற்றாடி அசையாமல் நின்று, எஞ்சின் கெட்டுப்போனது போலத் தெரியும். அதற்கு 125-ல் ஒரு பங்கு நேரம் வேண்டும். விமானத்தோடு சேர்ந்து கேமராவும் நகரவேண்டும். வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால் படம் தெளிவாக விழும்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது அவர்களின் இன்னொரு பழக்கத்தை. ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், விமானத்தின் எண் மூன்றையும் குறித்து வைக்கிறார்கள். வாலிலோ உடம்பிலோ எம் 23 என்று தொடங்கினால் நூரி. எம் 52 என்றால் சுகோய். எண் தெரிந்தால், அது எப்போது வந்தது, எங்கே பறந்தது, என்ன ஆனது என்று முழுக் கதையையும் தேடிவிடலாம். எண் தெரியாவிட்டால் அது வெறும் விமானப் படம்.

இப்போது நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்தப் பங்சாரே ஒரு காலத்தில் கித்தாக் காடு. புங்கே, கிரிசார் என்ற இரண்டு முதலாளிகளின் பெயரைச் சேர்த்துத்தான் இந்தத் தோட்டத்துக்குப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். முதலாளிகளின் பெயர் ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. விடியும் முன்னே பெரட்டுக்கு நின்று, பால் வாளி தூக்கி, இந்த மண்ணில் மரம் வெட்டிய நம்மவர்களின் பெயர் எங்கே? சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களில் எத்தனை பேருக்கு ஒரு படமாவது மிஞ்சியிருக்கிறது? படம் இருக்கும் வீட்டிலும், "இது யாரு தாத்தா?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "தெரியலையேப்பா, நம்ம லயத்து ஆளுதான்" என்ற பதிலே வருகிறது. இரும்பால் செய்த இயந்திரத்துக்கு எண்ணும் நாளும் எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தமும் சதையுமான நம் பாட்டன் பாட்டிக்கு நாம் அதைக்கூடச் செய்யவில்லை.

ஆகவே மாணவர்களே, விமானத்தைப் படம் எடுங்கள், தடையில்லை. எண்ணைக் குறிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்குள் வாருங்கள். லயம், கோயில், ஆயாக்கொட்டகை, பள்ளி, தாத்தாவின் பால் கத்தி எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். கைப்பேசியில் இருக்கும் படம் கைப்பேசியோடு போய்விடும். முக்கியமானவற்றை அச்சுப் போட்டு வையுங்கள். பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், நாள், ஊர், தோட்டத்தின் பெயர், நிற்பவர்களின் பெயர், அவர்கள் செய்த வேலை ஆகியவற்றை எழுதுங்கள். பெற்றோர்களே, பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே பழைய படங்களை அவர்கள் மடியில் வைத்துக் கேளுங்கள்.

வருகிற விடுமுறையில் வீட்டுக்கு ஒரு படம், அதன் பின்னால் நாலு வரி. நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இதைச் செய்தால், நம் தோட்டங்களின் சரித்திரம் நம் கையாலேயே எழுதப்பட்டுவிடும்.