டக் ஹன்ட்: ஒளித்துப்பாக்கி விளையாட்டின் வரலாறும் சேகரிப்பு மதிப்பும்

டக் ஹன்ட் என்பது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1984 ஏப்ரலில் வெளியிட்ட வீடியோ விளையாட்டு ஆகும். தொலைக்காட்சித் திரையில் பறக்கும் வாத்துகளை ஒரு பொம்மைத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து வாத்துகள். குறி தவறினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 83 லட்சம் பிரதிகள் விற்ற விளையாட்டு இது. இவ்வளவு பெருவாரியாகக் கிடைக்கும் ஒரு பொருளைச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடுகிறார்கள், அதற்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்பதை அறிய, அந்தத் துப்பாக்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்னோடிகள்

ஒளியைக் கொண்டு வாத்து சுடும் ஆட்டம், தொலைக்காட்சி வீடுகளில் பரவுவதற்கு முந்தியது. அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் 1936-இல் ரே-ஓ-லைட் என்னும் விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. துப்பாக்கி ஓர் ஒளிக்கற்றையை வீசும். நகரும் வாத்துப் பொம்மையில் பொருத்தப்பட்ட ஒளியுணர் குழாய் அதை உணர்ந்தால் வாத்து விழும்.

1970-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஒளித்துப்பாக்கிப் பொம்மைகளும் இதே முறையில் அமைந்தவைதாம். அப்போது ஷார்ப் நிறுவனத்தில் இருந்த மசாயுகி உயெமுரா சூரிய மின்கலங்களை விற்பதற்காக நிண்டெண்டோவுக்கு வந்தார். அங்கிருந்த குன்பெய் யோகோய், அந்த மின்கலத்தைச் சுடும் இலக்காகப் பயன்படுத்தலாம் என்று கண்டார். பின்னர் உயெமுரா நிண்டெண்டோவிலேயே சேர்ந்து, டக் ஹன்ட் ஓடிய ஃபேமிகாம் கருவியை வடிவமைத்தார். இடையில் 1973-இல், ஆளில்லாமல் கிடந்த பௌலிங் கூடங்களை நிண்டெண்டோ ஒளித்துப்பாக்கிச் சுடுதளங்களாக மாற்றிப் பார்த்தது. அதே ஆண்டு வந்த எண்ணெய் நெருக்கடியில் அந்தத் தொழில் சரிந்தது. 1976-இல் டக் ஹன்ட் என்ற பெயரிலேயே ஒரு வீட்டுப் பொம்மை வந்தது; அது வாத்தின் உருவத்தைச் சுவரில் ஒளியாக வீழ்த்தும்.

வீட்டுத் தொலைக்காட்சிக்கு முதலில் வந்த துப்பாக்கி, 1972-இன் மேக்னவாக்ஸ் ஒடிசி கருவியுடன் தனியாக விற்கப்பட்ட ஷூட்டிங் கேலரி. இதில் துப்பாக்கி ஒளி வீசுவதில்லை. திரையின் ஒளியைப் பார்க்கிறது. ஆனால் அதற்குத் திரை எது, விளக்கு எது என்று பிரித்தறியத் தெரியாது. அறையின் மின்விளக்கைக் குறிபார்த்துச் சுட்டாலும் இலக்கு வீழ்ந்ததாகக் கணக்கிடும்!

இயங்கும் முறை

இந்தக் குறையை டக் ஹன்ட் தீர்த்த விதம் எளிமையானது, மிகவும் அழகானது. விசையை இழுத்ததும் திரை முழுவதும் ஒரு கணம் கறுப்பாகிறது. அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றுகிறது. அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் இந்த ஒவ்வொரு கணமும் ஒரு நொடியின் 60-இல் ஒரு பங்கு. துப்பாக்கியின் குழலுக்குள் உள்ள ஒளியுணரி முதலில் இருளையும் பிறகு ஒளியையும் கண்டால், குறி சரி. மின்விளக்கைப் பார்த்துச் சுட்டால் இருள் வராது. ஆகவே ஏமாற்ற முடியாது. இரண்டு வாத்துகள் பறந்தால் இரண்டு கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். எந்தக் கட்டத்தின்போது ஒளி தெரிந்ததோ அந்த வாத்து விழும்.

இத்தனையும் நடப்பதற்குப் படக்குழாய்த் தொலைக்காட்சி வேண்டும். படக்குழாயில் மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை வரைகிறது. அதன் வேகத்துக்கு ஏற்ற துடிப்பை மட்டும் உணரும்படி துப்பாக்கியின் சுற்று அமைக்கப்பட்டுள்ளது. இன்றைய தட்டைத் திரைகளில் அத்தகைய துடிப்பு இல்லை. படமும் சற்றுத் தாமதித்தே வருகிறது. துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்திருக்காது. எனவே புத்தம் புதிய தட்டைத் திரையில் அசல் துப்பாக்கியால் ஒரு வாத்தையும் வீழ்த்த முடியாது. நாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

அமெரிக்க வருகை

1985 அக்டோபரில் நியூயார்க் வட்டாரத்தில் நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் விற்பனைக்கு வந்தபோது டக் ஹன்ட்டும், சாப்பர் எனப்பட்ட துப்பாக்கியும் அதே பெட்டியில் இருந்தன. ஜப்பானில் சுழல்துப்பாக்கி வடிவில் இருந்தது அமெரிக்காவுக்காக விண்வெளிக் கதைகளில் வரும் ஆயுதம் போன்ற சாம்பல் நிறப் பொருளாக மாறியது. 1988-இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸும் டக் ஹன்ட்டும் ஒரே கேசட்டில் சேர்த்துக் கருவியுடன் கொடுக்கப்பட்டன. அந்தப் பெரிய விற்பனை எண்ணிக்கைக்கு இதுவே முக்கியக் காரணம். அதே ஆண்டு, பொம்மைத் துப்பாக்கிகளை உண்மையானவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதையொட்டிச் சாப்பரும் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. ஒரு துப்பாக்கியின் காலத்தைக் கணிக்கச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

1990-களில் இந்தியாவில் பரவலாக விற்ற நகல் கருவிகள் பலவும் துப்பாக்கியுடன் வந்தன. தமிழ்நாட்டில் பலர் இந்த வாத்துகளைச் சுட்டது நிண்டெண்டோ என்ற பெயரையே அறியாமல்தான். கேசட் என்ற சொல்லும் அங்கிருந்தே நிலைத்தது.

சேகரிப்பும் விலையும்

பெட்டியில்லாத டக் ஹன்ட் கேசட் அமெரிக்காவில் ஒரு வேளை உணவின் விலைக்கே கிடைக்கிறது. அது எளிதில் கெடுவதும் இல்லை. மதிப்பெண்ணைச் சேமிக்கும் வசதி இல்லாததால், பல பழைய கேசட்டுகளில் உள்ளதுபோல் தீர்ந்துபோகும் மின்கலமும் இதில் இல்லை. விலை ஏறுவது காலத்தாலும் முழுமையாலும். தொடக்ககாலக் கேசட்டுகளின் பின்புறம் ஐந்து திருகாணிகள் இருக்கும், பிற்காலத்தவற்றில் மூன்று. முதல் பெட்டிகள் கண்ணாடித்தாள் சுற்றாமல் ஒட்டுத்தாளால் மட்டும் மூடப்பட்டவை. அட்டைப் பெட்டியைக் குழந்தைகள் கிழித்தெறிந்துவிடுவது வழக்கம் என்பதால், கையேட்டோடு கூடிய நல்ல பெட்டி கேசட்டைவிட அரிதாகிவிட்டது. ஒடிசியின் ஷூட்டிங் கேலரியில் இது இன்னும் கடினம்: திரைமேல் ஒட்டும் மெல்லிய வண்ணத் தாள்கள் இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பை யாரும் முழுமையானதாகக் கருதுவதில்லை.

திறக்கப்படாத பெட்டிகளின் கதை தனி. 2021 ஏப்ரலில் சூப்பர் மாரியோ பிரதர்ஸின் திறக்காத பிரதி ஒன்று 6,60,000 டாலருக்கு ஏலம் போனது. மூன்று மாதங்களில் சூப்பர் மாரியோ 64-இன் பிரதி 15,60,000 டாலரைத் தொட்டது. இத்தகைய செய்திகளைப் படித்து, பரணில் கிடக்கும் டக் ஹன்ட்டுக்கும் அப்படி விலை வரும் என எண்ணுவது வீண். அந்த விலை திறக்காத பெட்டிக்கு, அதுவும் குறிப்பிட்ட சில பதிப்புகளுக்கு மட்டுமே. ஒருமுறைகூடச் சுடப்படாத துப்பாக்கிக்கு மிகுந்த விலையும், ஒழுங்காகச் சுடும் துப்பாக்கிக்குச் சொற்ப விலையும் என்பது இந்தச் சந்தையின் விந்தை.

ஆடுவதற்காகச் சேகரிப்பவரின் கவலை வேறு. கேசட் கிடைக்கும், துப்பாக்கியும் கிடைக்கும். படக்குழாய்த் தொலைக்காட்சிதான் கிடைப்பதில்லை. அவை இப்போது புதிதாகக் கடைக்கு வருவதில்லை. இருப்பவை பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன. ஒரு படக்குழாய் உடையும்போதெல்லாம் எங்கோ ஒரு சாப்பர் வெறும் பிளாஸ்டிக் ஆகிறது என்றால் மிகையில்லை. 2014 இறுதியில் நிண்டெண்டோ தன் வீ யூ கருவிக்கு டக் ஹன்ட்டை மீண்டும் வெளியிட்டபோது, சாப்பருக்குப் பதிலாக வீ ரிமோட்டால் சுடும்படி மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் வந்த சிண்டன் துப்பாக்கி, உள்ளிருக்கும் கேமராவால் திரையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சட்டத்தைக் கண்டு குறியைக் கணக்கிடுகிறது. இது தட்டைத் திரையிலும் இயங்கும். ஆனால் பழைய கருவியோடும் கேசட்டோடும் நேரடியாக இணையாது.

வாங்க விரும்புவோர் துப்பாக்கியைப் படக்குழாய்த் திரையில் சுட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். விசை அழுந்தும்போது சுருள்வில்லின் 'டணக்' ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். குறி தொடர்ந்து தவறினால் முதலில் குழலின் முகப்பிலுள்ள வில்லையில் படிந்த தூசியைத் துடைத்துப் பார்க்கலாம். திரையின் வெளிச்சத்தையும் கூட்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சியையே திறக்க வேண்டி வந்தால், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், பழைய தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்துப் பழகிய ஒருவரிடமே அதைக் கொடுக்க வேண்டும்.